ஃபெபயோ: இரத்த ஓட்டத்தையும் சதையையும் ஒரே கணக்கில் போடும் மென்பொருள்

இரத்தக் குழாய்க்குள் ஓடும் இரத்தம், குழாயின் சுவரையும் அதைச் சுற்றியுள்ள சதையையும் எப்படி இழுக்கிறது, எவ்வளவு விரிக்கிறது என்று கணினியில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டுமா? என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் ஃபெபயோ. அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகமும் கொலம்பியா பல்கலைக்கழகமும் சேர்ந்து வளர்க்கும் மென்பொருள் இது. காசு கிடையாது, மூல நிரலும் திறந்தே இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பொறியியல் மாணவர்களுக்குப் பொருள்களின் வலிமை பற்றிப் பாடம் எடுக்கிறேன். என் மடிக்கணினியிலும் மாணவர்களின் கணினிகளிலும் இதைப் பல மாதிரிகளுக்கு ஓட்டிப் பார்த்த பிறகு எழுதுகிறேன்.

எனக்கு இந்தக் கணக்கு ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். இதே ஊரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் என் பெரியம்மா டயாலிசிஸ் செய்துகொள்கிறார். இங்குள்ள நம் குடும்பங்களில் சர்க்கரை நோய் எவ்வளவு சாதாரணம் என்பது டர்பன்காரர்களுக்குத் தெரியும். சர்க்கரை கடைசியில் சிறுநீரகத்தில் போய் நிற்பதும் தெரியும். பெரியம்மாவின் இடது மணிக்கட்டுக்கு மேலே ஒரு ஃபிஸ்டுலா இருக்கிறது. தமனியையும் சிரையையும் அறுவையில் இணைத்து, தமனியின் இரத்தம் நேராகச் சிரைக்குள் பாயும்படி செய்வதுதான் ஃபிஸ்டுலா. நியூயார்க்கில் பிரெசியா, சிமினோ முதலிய மருத்துவர்கள் 1966இல் எழுதி வெளியிட்ட முறை. இன்றும் டயாலிசிஸ் ஊசி போட இதைவிட நல்ல வழி வரவில்லை. அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே ஏதோ உறுமுவது போல் அதிரும். "தினமும் காலையில தொட்டுப் பாக்கணும் கண்ணு, இது நின்னுட்டா உடனே வான்னு நர்ஸம்மா சொல்லியிருக்காங்க" என்று பெரியம்மா என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார். சுழன்று ஓடும் இரத்தம் சுவரை அசைப்பதைத் தோலுக்கு வெளியே கையாலேயே உணர முடிகிற இடம் உடம்பில் இப்படி வேறு அதிகம் இல்லை.

ஃபிஸ்டுலாவின் கணக்கு வியப்பானது. மணிக்கட்டுத் தமனியில் சாதாரணமாக நிமிடத்துக்கு 20 முதல் 30 மில்லிலிட்டர் இரத்தம்தான் ஓடும். ஃபிஸ்டுலா பயன்பாட்டுக்குத் தயாராகிவிட்டதா என்று பார்க்க மருத்துவர்கள் வைத்திருக்கும் ஆறு விதி வேறொரு அளவைச் சொல்கிறது: 6 வாரத்தில் ஓட்டம் நிமிடத்துக்கு 600 மில்லிலிட்டர், சிரையின் விட்டம் 6 மில்லிமீட்டர், தோலிலிருந்து ஆழம் 6 மில்லிமீட்டருக்குள். ஏறத்தாழ இருபது மடங்குக்கு மேல் ஓட்டம் கூட வேண்டும், குழாய் அதற்கு ஏற்றபடி வளர வேண்டும். பலருக்கு அது வளர்வதில்லை. பெரியம்மாவுக்கும் வலது கையில் முதலில் போட்டது வளராமல் அடைத்துக்கொண்டது. வளர்வதற்கும் அடைப்பதற்கும் நடுவில் நிற்பது இரத்தம் சுவரை உரசிப் போகும் விசை. துறையில் எல்லோரும் ஷியர் ஸ்ட்ரெஸ் என்கிறார்கள்; நம் பாடப்புத்தகத் தமிழில் சறுக்குத் தகைவு.

இதைக் காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். நேரான குழாய், சீரான ஓட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரத்தத்தின் பாகுநிலை 3.5 மில்லிபாஸ்கல் நொடி. 2.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள தமனியில் நிமிடத்துக்கு 25 மில்லிலிட்டர் ஓடினால் சுவரில் ஷியர் ஏறத்தாழ 1.4 பாஸ்கல் வருகிறது. அறுவைக்குப் பிறகு அதே விட்டத்தில் ஓட்டம் 250 ஆனால் அது 14 பாஸ்கல். இப்போது ஆறு விதியின் சிரையை எடுங்கள்: 6 மில்லிமீட்டர் விட்டம், 600 மில்லிலிட்டர் ஓட்டம். ஷியர் 1.65 பாஸ்கலுக்கு வந்துவிடுகிறது. இரண்டும் வெவ்வேறு குழாய்கள், கணக்கும் தோராயம். ஆனாலும் குழாய் விரிந்து விரிந்து பழைய ஷியருக்கே திரும்பி வரப் பார்க்கிறது என்பது இதில் தெரிகிறது. கமியா, டொகாவா என்ற இரண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் 1980இல் நாய்களின் கழுத்துத் தமனியைச் சிரையுடன் இணைத்து, மாதக்கணக்கில் விட்டுவைத்துப் பார்த்ததும் இதையே காட்டியது. ஓட்டம் நான்கு மடங்கு வரை கூடிய தமனிகள் விரிந்து, ஷியரைக் கிட்டத்தட்ட பழைய அளவுக்குக் கொண்டுவந்துவிட்டன.

அடுத்து அழுத்தத்தைப் பாருங்கள். தமனியில் 100 மில்லிமீட்டர் பாதரசம் என்றால் 13,300 பாஸ்கல். ஷியரோ ஒன்றரை பாஸ்கல். ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். அழுத்தம் சுவரை முழுத் தடிமனுக்கும் நீட்டுகிறது. ஷியர் உள்தோல் செல்களை மட்டும் தடவிப் போகிறது. இரண்டையும் குழாய் தனித்தனியாக உணர்ந்து, இரண்டுக்கும் வெவ்வேறு விதமாகப் பதில் சொல்கிறது. அழுத்தம் கூடினால் சுவர் தடிக்கும், ஷியர் கூடினால் உள்வாய் விரியும். இணைப்புக்குப் பக்கத்தில், ஓட்டம் பிரிந்து முன்னும் பின்னும் அலையும் இடத்தில், ஷியர் குறைந்தும் திசை மாறியும் போக, அங்கேதான் உட்சுவர் தடித்து அடைப்பு வருகிறது. ஆகவே இந்தத் துறைக்கான மென்பொருள் இவ்வளவு பெரிய அழுத்தத்தையும் இவ்வளவு சிறிய உரசலையும் ஒரே தடவையில், இரண்டையும் கெடுக்காமல் கணக்கிட வேண்டும். நான் ஃபெபயோவை அளந்து பார்த்தது இந்த அளவுகோலில்தான்.

மற்ற மென்பொருள்கள் பலவும் ஓட்டத்திலிருந்து தொடங்கியவை. குழாய், பம்பு, விமானம், கார் என்று வளர்ந்துவிட்டு, சுவர் அசைவதைப் பிறகு சேர்த்துக்கொண்டவை. ஃபெபயோ வந்த வழி வேறு. மூட்டுக் குருத்தெலும்பு, தசைநார் போன்ற மென்திசுக்களுக்காகவே பிறந்தது. 2012இல் வெளிவந்த அதன் முதல் விரிவான கட்டுரையிலும் திசுக்களின் கதைதான். தனி ஓட்டக் கணக்கு 2018இல் வந்தது, ஓட்டமும் திசுவும் சேர்ந்த கணக்கு 2019இல். அதாவது சதை முதலில், இரத்தம் பிறகு. என் கேள்விக்கு இந்த வரிசை மிகவும் பொருந்துகிறது.

காரணம் சுவர்தான். தமனிச் சுவர் ரப்பர் குழாய் மாதிரி நடந்துகொள்வதில்லை. முதலில் எளிதாக நீளும், கொஞ்சம் நீண்டதும் கொலாஜன் என்ற புரத இழைகள் நேராகி விறைத்துக்கொள்ளும். இரண்டு குடும்ப இழைகள் சுவரைச் சுற்றி எதிரெதிர்ச் சாய்வில் ஓடுகின்றன. ஹோல்சாப்ஃபெல், காஸர், ஆக்டன் மூவரும் 2000இல் தந்த சமன்பாடு இதைப் பிடிக்கிறது. ஃபெபயோவில் இது பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் ஒரு பொருள், அவ்வளவுதான். இழைச் சாய்வு, விறைப்பு, சிதறல் என்று எண்களை நிரப்பினால் போதும். கணக்குக்காக வடிவத்தைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரிப்பார்கள்; ஒரு துண்டு எலிமெண்ட், எல்லாம் சேர்ந்த வலை மெஷ். ஒவ்வொரு எலிமெண்டுக்கும் இழைத் திசையை உருளை ஆயத்தில் கொடுக்கலாம், வளைந்த குழாய்க்கு மெஷ்ஷை ஒட்டியே கொடுக்கலாம். வேறு சில மென்பொருள்களில் இதற்கு நாமே ஃபோர்ட்ரானில் துணை நிரல் எழுத வேண்டியிருக்கும். பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவனிடம் அதைக் கேட்க முடியாது.

இன்னொரு வசதியை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எம்ஆர்ஐ படத்தில் தெரியும் தமனி ஏற்கனவே அழுத்தத்தில் விரிந்து நிற்கும் தமனி. அந்த வடிவத்தையே சும்மா இருக்கும் வடிவம் என்று எடுத்து அதன்மேல் மறுபடி இரத்த அழுத்தத்தை ஏற்றினால், இரண்டு முறை ஊதியது போல் ஆகிவிடும், சுவரின் தகைவு எல்லாம் தப்பாக வரும். அழுத்தம் இல்லாமல் எடுத்து வைத்த தமனி வளையத்தைக்கூட நீளவாக்கில் ஒரு வெட்டு வெட்டினால் திறந்துகொள்ளும்; உள்ளே எஞ்சிய தகைவு இருக்கிறது என்று 1980களில் ஃபங் முதலானோர் காட்டியது அப்படித்தான். ஃபெபயோவில் முன்திரிபு என்று தனி ஏற்பாடு இருக்கிறது. படத்தில் தெரியும் வடிவத்தை அப்படியே வைத்து, அதற்குள் ஏற்கனவே இருக்கும் இழுப்பைக் கணக்கில் சேர்க்கலாம். தசைநாருக்காகச் செய்த வசதி, இரத்தக் குழாய்க்கும் கைகொடுக்கிறது.

சரி, ஓட்டமும் சுவரும் சந்திக்கும் இடத்துக்கு வருவோம். இதில் ஒரு பழைய தொல்லை உண்டு. விமான இறக்கைக்கு மேலே காற்று ஓடும்போது காற்று இலேசு, இறக்கை கனம். அதனால் காற்றை ஒரு மென்பொருள், இறக்கையை இன்னொன்று என்று மாறி மாறிக் கணக்கிட்டால் பெரும்பாலும் ஒத்துப்போகும். இரத்தத்தின் அடர்த்தி கன மீட்டருக்கு 1060 கிலோ, சுவரின் அடர்த்தியும் கிட்டத்தட்ட அதே. சுவர் அசைந்தால் இரத்தத்தின் எடையையும் சேர்த்துத் தள்ள வேண்டும். இங்கே ஒரு காலப்படிக்கு, அதாவது கணக்குக்காக நறுக்கிய ஒரு சிறு நேரத் துண்டுக்கு, ஒரு முறை மட்டும் இரண்டையும் மாற்றிக்கொள்ளும் முறை வெடித்துச் சிதறிவிடும்; காலப்படியைச் சிறிதாக்கினாலும் சரியாகாது. கௌசின், ஜெர்போ, நோபிலே ஆகிய மூவர் 2005இல் இதைக் கணித முறையில் தெளிவாகக் காட்டினார்கள். குழாய் நீளமாகவும் சுவர் இலேசாகவும் ஆக ஆகத் தொல்லை கூடும். கைச் சிரைக்கு இரண்டுமே பொருந்தும்.

ஃபெபயோ இரண்டையும் ஒரே சமன்பாட்டுத் தொகுதியில் வைத்துத் தீர்க்கிறது. அதன் உள்ளமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. ஓட்டம் நடக்கும் இடத்தில் உள்ள மெஷ் சுவரோடு சேர்ந்து நகர வேண்டும், இல்லாவிட்டால் சுவர் விரிந்ததும் மெஷ் கிழிந்துவிடும். பொதுவாக இதற்குத் தனியாக ஒரு மெஷ் நகர்த்தும் கணக்கு போடுவார்கள். ஃபெபயோவில் இரத்தம் நிரம்பிய இடத்தை ஒரு கலவையாக எடுத்துக்கொள்கிறார்கள்: எடையே இல்லாத, விறைப்பு ஏறக்குறைய பூஜ்யமான ஒரு திண்மம், அதற்குள் தடையில்லாமல் ஓடும் திரவம். குருத்தெலும்பை நீரும் திண்மமும் சேர்ந்த கலவையாகப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது இயல்பாகத் தோன்றிய யோசனையாக இருக்க வேண்டும். மெஷ் நகர்வதும், சுவர் நீள்வதும், இரத்தம் ஓடுவதும் ஒரே இடத்தில் தீர்கின்றன. திரவத்தில் அழுத்தத்துக்குப் பதில் திரவத்தின் கன அளவு மாற்றத்தை மாறியாக, அதாவது கண்டுபிடிக்க வேண்டிய எண்ணாக, எடுக்கிறார்கள், அழுத்தம் அதிலிருந்து வருகிறது. முதலில் பழக்கமில்லாமல் இருக்கும், எல்லை நிபந்தனை (குழாயின் முனைகளிலும் ஓரங்களிலும் நாம் வைக்கும் அழுத்தம், ஓட்டம் போன்றவை) கொடுக்கும் பெட்டிகளில் பெயர்கள் விசித்திரமாகத் தெரியும். அழுத்தத்தை நேராகக் கொடுக்கவும் வழி இருப்பதால் கையேட்டின் ஓட்டப் பகுதியை ஒரு முறை முழுதாகப் படித்தால் தெளிந்துவிடும்.

என் மாதிரியில் நான் செய்தது இது. ஒரு தமனி, அதன் பக்கவாட்டில் ஒட்டிய ஒரு சிரை, இரண்டையும் சுற்றி முன்கையின் கொழுப்பும் தோலும். முதலில் சதை இல்லாமல் வெறும் குழாய்களை ஓட்டினேன், பிறகு சதையோடு. இங்கேதான் மென்பொருள் தன் மதிப்பைக் காட்டியது. சதை இல்லாத குழாய் ஒவ்வொரு துடிப்புக்கும் முனையில் ஆடி, வளைவில் எழுந்து நிற்கிறது. அப்படி எந்தக் கையிலும் நடக்காது. சதையைச் சேர்த்ததும் ஆட்டம் அடங்கி, சிரையின் மேல்புறம் தோலை நோக்கி விரிய, அடிப்புறம் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கிறது. சுவரின் தகைவும் சுற்றளவு முழுவதும் ஒரே மாதிரி இல்லாமல் போகிறது. 50 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம், 3 மில்லிமீட்டர் ஆரம், அரை மில்லிமீட்டர் தடிமன் என்றால் அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கித் தடிமனால் வகுக்கும் லாப்லாஸ் விதிப்படி சிரைச் சுவரில் 40 கிலோபாஸ்கல் வர வேண்டும். மாதிரி அந்த எண்ணைச் சுற்றியே ஏறி இறங்குகிறது. எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பதைக் காகிதக் கணக்கு சொல்லாது. அதற்குத்தான் மென்பொருள் வேண்டும். சதையை விட்டுவிட்டுக் குழாயை மட்டும் கணக்கிடும் ஆய்வுகளைப் படிக்கும்போது இப்போதெல்லாம் எனக்கு நம்பிக்கை குறைவாகத்தான் வருகிறது.

இத்தகைய மாதிரியை உண்மைக் கையோடு ஒப்பிட முடியுமா என்றால், முடியும். கேப்டவுன் பல்கலைக்கழகக் குழு ஒன்று டயாலிசிஸ் ஃபிஸ்டுலாவின் ஓட்டமும் சுவரும் சேர்ந்த மாதிரியை ஒரு நோயாளிக்கெனச் செய்து, எம்ஆர்ஐ ஓட்ட அளவோடு ஒப்பிட்டு 2018இல் வெளியிட்டிருக்கிறது. முதல் இதய மாற்று அறுவை 1967இல் நடந்த ஊர் அது; இதயமும் குழாய்களும் பற்றிய கணக்கு அங்கே வேரூன்றியிருப்பதில் ஆச்சரியம் இல்லை. தொடங்குகிறவர்கள் அந்தக் கட்டுரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் எந்த எல்லை நிபந்தனை எவ்வளவு முக்கியம் என்று புரியும்.

இனி குறைகள். மாணவர்களுக்குப் பரிந்துரைக்கும் முன் இவற்றைச் சொல்லாமல் விடுவது நியாயம் இல்லை.

மெஷ் போடுவது இதன் பலவீனம். ஃபெபயோ ஸ்டூடியோ என்று ஒரு முகப்பு இருக்கிறது. உருளை, பெட்டி, எளிய வளைவு வரை அதிலேயே செய்யலாம். ஒரு குழாய் இன்னொன்றில் கோணத்தில் போய் இணையும் இடத்தை, சுவரை ஒட்டி மெல்லிய அடுக்குகளோடு நல்ல அறுமுக எலிமெண்டுகளாகப் பிரிக்க வேண்டும் என்றால் வேறு கருவிதான் வேண்டும். நான் ஜிமெஷ்ஷில் செய்து உள்ளே கொண்டுவந்தேன். சுவரை ஒட்டிய அடுக்குகள் தடித்திருந்தால் ஷியர் எண் கண்டபடி குறைந்து வரும், படம் மட்டும் அழகாக இருக்கும். மேலே போட்ட காகிதக் கணக்கை நேரான குழாயில் முதலில் ஓட்டி, 1.4 பாஸ்கல் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வளைந்த குழாய்க்குப் போக வேண்டும். என் வகுப்பில் இது கட்டாயம்.

நினைவகம் கேட்கும், நிறையவே கேட்கும். நேரடித் தீர்வு முறையில் ஓடும்போது சாதாரண மடிக்கணினி சில லட்சம் மாறிகளிலேயே திணறும். இன்னும் பெரிய சிக்கல், இது ஒரே கணினியின் பல கோர்களைத்தான் பயன்படுத்தும்; பல கணினிகளில் பிரித்து ஓடாது. நம் நாட்டின் கேப்டவுன் மையத்தில் 2016 முதல் இருக்கும் லெங்காவ் சூப்பர் கணினியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கணுக்கள், அதாவது தனித்தனிக் கணினிகள், இருந்தாலும், ஃபெபயோவுக்கு ஒரு கணுவுக்கு மேல் கொடுத்துப் பயன் இல்லை. பல மாதிரிகளைத் தனித்தனிக் கணுக்களில் ஒரே நேரத்தில் ஓட்ட மட்டும் அது நன்றாக உதவும்.

எதிர்மறை ஜக்கோபியன் என்ற செய்தியை நீங்கள் அடிக்கடி பார்க்கப் போகிறீர்கள். எலிமெண்ட் உள்வெளியாகப் புரண்டுவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் முதல் சில காலப்படிகளிலேயே வரும், ஏனென்றால் ஓட்டத்தையும் அழுத்தத்தையும் ஒரேயடியாக ஏற்றியிருப்போம். அழுத்தத்தை முதலில் மெதுவாக ஏற்றி, சுவர் நிலைபெற்றபின் ஓட்டத்தைத் தொடங்கினால் முக்கால்வாசி நேரம் சரியாகிவிடும். அலகுகளையும் நீங்களேதான் கவனிக்க வேண்டும். நீளத்தை மில்லிமீட்டரில் கொடுத்து, அடர்த்தியை கிலோ, மீட்டர் கணக்கில் கொடுத்தால் சால்வர், அதாவது சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல், ஒரு வார்த்தையும் சொல்லாமல் ஓடி முடிக்கும், விடை மட்டும் பொருளற்றதாக இருக்கும். எல்லாவற்றையும் மீட்டர், கிலோ, நொடியில் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

இரத்தம் வெளியேறும் வாயில் கொடுக்கும் நிபந்தனை தொல்லை தரும் இன்னொரு இடம். இதயம் தளரும் நேரத்தில் ஓட்டம் திரும்பி உள்ளே வரப் பார்க்கும், அப்போது கணக்கு கெட்டுவிடும். பின்னோட்டத்தை நிலைப்படுத்தும் ஒரு சுமையை அங்கே சேர்க்கலாம், ஃபெபயோவில் அது தயாராக இருக்கிறது. ஒட்டோ ஃபிராங்க் 1899இல் சொன்ன காற்றறை மாதிரி, அதாவது கீழேயுள்ள சிறு குழாய்கள் எல்லாவற்றையும் ஒரு தடையாகவும் ஒரு தேக்கமாகவும் சுருக்குவது, அதுவும் இருக்கிறது. சும்மா பூஜ்ய அழுத்தம் என்று விட்டுவிடாதீர்கள், பூஜ்யத்தில் விட்டால் சிரை சுருங்கிப் போகும்.

2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்த மாதங்களில் ஒரு துடிப்பு முழுவதும் ஓடி முடிவதற்குள் விளக்கு போய்விடும். இடையிடையே நிலையைக் கோப்பில் சேமித்து விட்ட இடத்திலிருந்து தொடரும் ஏற்பாடு ஃபெபயோவில் உண்டு. அது தானாக இயங்காது, தொடங்கும்போதே கேட்டு வைக்க வேண்டும். உம்லாசியிலிருந்து வரும் என் மாணவி ஒருத்தி ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அதை இயக்கி வைப்பாள், வகுப்பிலேயே அவளுடைய மாதிரிதான் முதலில் முடியும்.

சிம்வாஸ்குலரோடு ஒப்பிட்டுக் கேட்பவர்கள் அதிகம். ஸ்டான்ஃபோர்டில் வளர்ந்த அந்த மென்பொருளும் இலவசம். சிடி அல்லது எம்ஆர்ஐ படத்திலிருந்து குழாயின் பாதையை வரைந்து, குறுக்குவெட்டுகளை எடுத்து, மெஷ் போட்டு, ஓட்டத்தைக் கணக்கிடுவது வரை ஒரே கூரைக்குள் செய்யும். பல கணினிகளிலும் பிரிந்து ஓடும். மகாதமனியிலிருந்து கிளைகள் வரை ஒரு நோயாளியின் குழாய் மரம் முழுவதையும் பார்க்க வேண்டும் என்றால் தயங்காமல் அதற்குப் போங்கள். அங்கே எளிதாகக் கிடைக்கும் அசையும் சுவர், மெல்லிய சவ்வாகச் சிறிதளவே அசையும் சுவர். பெரிய திரிபுக்குத் தனி சால்வர் இருக்கிறது, ஆனால் திசுவுக்கான பொருள் பட்டியல் ஃபெபயோ அளவுக்கு விரியவில்லை. ஓப்பன்ஃபோமில் ஓட்டத்தையும் கால்குலிக்ஸில் சுவரையும் வைத்து ப்ரிசைஸ் நூலகத்தால் இணைப்பது மூன்றாவது வழி. நிரல் எழுதத் தெரிந்த முனைவர் பட்ட மாணவருக்கு அது சரி. விலை கொடுத்து வாங்கும் பெரிய மென்பொருள்கள் நன்றாகவே வேலை செய்கின்றன. டாலரில் வரும் உரிமக் கட்டணத்தை ராண்டில் மாற்றிப் பார்த்தால் எங்கள் கல்லூரியின் நிதி அதற்கு இடம் கொடுக்காது, உரிமம் முடிந்த மறுநாள் மாணவர் தன் சொந்த மாதிரியைத் திறக்கவும் முடியாது.

ஃபெபயோவில் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டிய இன்னொரு இடமும் இருக்கிறது. 2021இல் வந்த விரிவாக்கத்தில் சுவரையே நீர் ஊறும் திசுவாக வைக்கலாம். குழாய்க்குள் இரத்தம் ஓடும், அதில் ஒரு பகுதி சுவருக்குள் கசிந்து சதைக்குப் போகும், சதை ஊறி வீங்கும், விறைக்கும், அந்த விறைப்பு திரும்பவும் குழாயை நெருக்கும். இதயத் தசையில் இது மிகவும் முக்கியம். இதயத் தசைக்கே இரத்தம் கொண்டுவரும் கரோனரிக் குழாய்களில் அழுத்தம் கூடினால் இதயத் தசையே விறைப்பாகிறது என்று 1960களிலேயே கண்டார்கள். தண்ணீர் திறந்த தோட்டக் குழாய் தானாக நிமிர்ந்து விறைப்பது போல. இரத்தம் சதைக்கு உணவு மட்டும் கொண்டுபோகவில்லை, சதையின் விறைப்பிலேயே ஒரு பங்கு அதனுடையது. கல்லீரலின் விறைப்பை அளந்து நோயைக் கண்டுபிடிக்கிறார்களே, அதிலும் இரத்த அழுத்தத்தின் பங்கைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. முன்கைக் கொழுப்பில் நான் இதைச் செய்து பார்த்தேன். ஓட நேரம் அதிகம் எடுத்தது, காலப்படியை நன்றாகக் குறைக்க வேண்டியிருந்தது, ஆனால் முடிவில் விடை நிலைத்து நின்றது.

நான் எதிர்பார்த்து நேராகக் கிடைக்காதது ஒன்று: 6 வாரத்தில் குழாய் வளர்வதைத் தானாகக் கணக்கிடுவது. ஒரு துடிப்பின் ஷியரை எடுத்து, அதற்கேற்றபடி சுவரை வளர்த்து, மறுபடி ஓட்டி, மறுபடி வளர்க்கும் சுழற்சியை இப்போதைக்கு நாமே வெளியே ஒரு பைத்தான் நிரலில் எழுதி ஓட்ட வேண்டும். உள்ளீட்டுக் கோப்பு எக்ஸ்எம்எல் வடிவில் படிக்கக்கூடிய எழுத்தாக இருப்பதால் அது கடினம் இல்லை. ஆனால் பெரியம்மாவின் வலது கை ஏன் அடைத்தது, இடது கை ஏன் வளர்ந்தது என்ற கேள்விக்கு அந்தச் சுழற்சிதான் பக்கத்தில் போகும். அடுத்த பதிப்புகளில் இது உள்ளேயே வர வேண்டும் என்று அவர்களுடைய பயனர் மன்றத்தில் எழுதியிருக்கிறேன். அங்கே கேள்விகளுக்கு மென்பொருளை எழுதியவர்களே பதில் தருகிறார்கள், மாணவர்களின் அடிப்படைக் கேள்விகளுக்கும் பொறுமையாகத் தருகிறார்கள்.

பதிவிறக்க அவர்களுடைய தளத்தில் இலவசமாக ஒரு கணக்கு தொடங்க வேண்டும். பொருள்களின் வலிமையும் திரவ இயக்கவியலும் ஒரு பருவமாவது படித்தவர், 16 ஜிகாபைட் நினைவகம் உள்ள கணினி இருந்தால், கையேட்டில் உள்ள எடுத்துக்காட்டுகளிலிருந்து தொடங்கலாம். 32 இருந்தால் சதையையும் சேர்த்து ஓட்டலாம்.